பதினெட்டு வயதுக்கு அப்பால்

வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று நம் முன்னோர் வகுத்தனர். பிற்காலத்தில் எல்லைகள் பலமுறை மாறின. 1911-ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு பகுதியும் கடப்பையிலிருந்து ஒரு பகுதியும் பிரித்தெடுக்கப்பட்டுச் சித்தூர் ஜில்லா உருவாயிற்று. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜ்யத்தினின்றும் பிரிந்தன. 1960-இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி நம்முடன் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாகப் பேசி வாழும் குடும்பங்கள் அப்பகுதியில் இன்றும் உண்டு. அவற்றுள் சில குடும்பங்களுக்கு நில எல்லையைக் காட்டிலும் கடினமான எல்லை ஒன்று உண்டு. அது பிள்ளையின் பதினெட்டாம் பிறந்த நாள். அறிவுசார் குறைபாடும் வளர்ச்சிக் குறைபாடும் உடைய பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்களையே நாம் குறிக்கிறோம்.

திருப்பதி இன்று கோயில் நகரம் மட்டுமன்று. கல்லூரிகளின் நகரமும் ஆகும். தேவஸ்தானத்தின் ஆதரவில் 1945-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1954-இல் அதே பெயரில் பல்கலைக் கழகம் தோன்றியது. 1983-இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் வந்தன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பெட்டி படுக்கையுடன் இந்நகரில் வந்து இறங்குகிறார்கள். அதே வயதில், அதே நகரில், சிறப்புப் பள்ளியில் படித்து முடித்த ஓர் இளைஞனுக்குப் பள்ளி விடைகொடுத்து அனுப்புகிறது. அண்ணனும் தங்கையும் கல்லூரிக்குப் போக, அவன் வீட்டிலேயே இருக்கிறான். அடுத்த வாரம் எங்கே போவது என்று அவன் கேட்டால், பதில் சொல்லப் பெற்றோரிடம் ஒன்றும் இருப்பதில்லை. இந்த நிலை எவ்வாறு ஏற்பட்டது, பிற நாடுகளில் இதற்கு என்ன வழி கண்டார்கள், நம் பக்கத்தில் அதற்கு இடமுண்டா என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

நெடுங்காலம் உலகெங்கும் நிலவிய நம்பிக்கை, இப்பிள்ளைகளுக்குக் கல்வி ஏறாது என்பதே. அதனை முதலில் அசைத்தவர் இழான் இத்தார் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1800-ஆம் ஆண்டு, காட்டில் தனியே திரிந்த சிறுவன் ஒருவன் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டான். அவனுக்கு எதுவும் கற்பிக்க இயலாது என்று பெரிய மருத்துவர்கள் கூறிய பின்னரும், இத்தார் பல ஆண்டுகள் முயன்றார். அவன் பேசக் கற்கவில்லை. ஆனால் எழுத்துகளை அடையாளங் கண்டான், பொருள்களுக்குரிய சொற்களை அறிந்துகொண்டான், பிறர் துயரைக் கண்டு தானும் வருந்தினான். இத்தாரின் வழிவந்த எட்வர்ட் செகுவின், கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் கற்கும் முறையை வகுத்து, இப்பிள்ளைகளுக்கென்றே பாடசாலை நடத்திக் காட்டினார். 1846-இல் அவர் வெளியிட்ட நூல் பிற நாடுகளுக்கும் பரவிற்று.

அந்நூலைத் தேடிப் படித்தவர்களுள் ஒருவர் இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். ரோமாபுரியில் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த இத்தகைய குழந்தைகளைக் கண்டு, அவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்று அவர் முடிவு செய்தார். 1900-ஆம் ஆண்டளவில் அவரிடம் பயின்ற பிள்ளைகளில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலேயே தேறினர். எல்லோரும் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணினார்: இவர்களே தேறக்கூடுமானால், நல்ல உடல்நலமும் அறிவும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு பின்தங்க வைத்திருக்கின்றன என்பதே அது. இவ்வெண்ணத்திலிருந்து பிறந்ததே 1907-இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லமும், உலகெங்கும் பரவிய மாண்டிசோரி முறையும்.

இந்த வரலாறு நம் தென்னாட்டையும் தொடுகிறது. 1915-இல் அன்னி பெசண்ட் அம்மையார் மதனப்பள்ளியில் பிரம்மஞான சபையின் சார்பில் ஒரு கல்லூரியை நிறுவினார். அவ்வூர் அக்காலத்தில் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 2022-இல்தான் அதனின்றும் பிரிந்தது. அதே சபை 1939-இல் மாண்டிசோரி அம்மையாரை அடையாற்றுக்கு அழைத்தது. உலக யுத்தம் மூண்டு இத்தாலியும் அதில் இறங்கவே, அவர் தாயகம் திரும்ப இயலாமற் போயிற்று. அடையாற்றிலும் கோடைக்கானலிலும் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை அவர் பயிற்றுவித்தார். அவர்கள் வழியே மாண்டிசோரிப் பள்ளிகள் ஊர்தோறும் எழுந்தன. ஆனால் அம்முறை எந்தப் பிள்ளைகளுக்காக முதலில் தோன்றியதோ, அவர்களுக்கு அப்பள்ளிகளில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. அவர்களிடம் கற்ற பாடத்தைக் கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினோம். அவர்களையோ வெளியே நிறுத்தினோம்.

சட்டமும் அவர்களை வெளியிலேயே நிறுத்தியிருந்தது. 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோய் கொண்டவரையும் ஒரே பெயரில் அடக்கிற்று. ஒன்று நோய், மற்றொன்று நோயன்று, மனிதர் பிறந்து வளரும் விதங்களுள் ஒன்று. இவ்வேறுபாட்டைச் சட்டம் ஏற்க 75 ஆண்டுகள் ஆயின. 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டமே இவர்களை மனநோயாளர் என்ற வரையறையினின்றும் நீக்கிற்று.

சட்டம் விழிக்குமுன் பெற்றோரும் தொண்டு உள்ளம் கொண்டோரும் விழித்தனர். 1930-களில் வங்கத்தின் ஜார்கிராமில் போதனா நிகேதனம் தோன்றியது. 1944-இல் பம்பாயில் ஜெய் வக்கீல் அம்மையார் தம் மகளின் பொருட்டு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அது இன்று நாட்டின் பெரிய சிறப்புப் பள்ளிகளுள் ஒன்றாக விளங்குகிறது. ஆந்திரம் பிரிந்ததை ஒட்டிய காலத்தில், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் சேவைக் குழு பால விஹார் என்னும் நிலையத்தை நடத்தலாயிற்று. 1984-இல் மத்திய அரசு செகந்தராபாத்தில் இவர்களுக்கென ஒரு தேசிய நிறுவனத்தை ஏற்படுத்திற்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத் திட்டம், அளவைக் கருவிகள் யாவும் அங்கிருந்து வந்தன. 2005-இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் ஏற்பட்டது. சித்தூர், திருப்பதிக் குடும்பங்களுக்கு இரண்டனுள் இதுவே அண்மையில் உள்ளது. வேறு மாநிலத்தில் இருப்பினும், தேசிய நிறுவனமாதலால் அதன் கதவு எம்மாநிலத்தாருக்கும் திறந்தது.

இந்நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளை நோக்கினால், இவற்றுள் மிகப் பல குழந்தைகளுக்கென்றே எழுந்தவை என்பது விளங்கும். பால விஹார் என்ற பெயரே அதற்குச் சான்று. குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், அவர்கள் வளர்ந்தபின் என்ன செய்வார்கள் என்று எண்ண எவருக்கும் நேரமில்லை. அன்று நோய்த்தொற்றுக்கும் இருதயக் கோளாறுக்கும் சிகிச்சை அரிது; டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளில் பலர் இளமையிலேயே மறைந்தனர். இன்று மருத்துவம் வளர்ந்துவிட்டது. அவர்கள் ஐம்பது, அறுபது வயது வரை வாழ்கிறார்கள். நாம் அமைத்த கல்வியோ அவர்கள் என்றும் குழந்தைகளாகவே இருப்பார்கள் என்ற எண்ணத்தின்மீது நிற்கிறது.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோர் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர். இவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது? 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. ஆனால் அரசு வேலையில் அது ஒதுக்கிய 3 சதவீதத்தில் பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடு உடையோருக்கே பங்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. வேலை ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தி, அதில் ஒரு சதவீதத்தில் இவர்களையும் சேர்த்தது. அரசுக் கல்லூரிகளும் அரசின் உதவி பெறும் கல்லூரிகளும் தம் இடங்களில் 5 சதவீதத்தைக் குறைபாடு உடையோருக்கு ஒதுக்க வேண்டும் என்றும், சேரும் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்த்த வேண்டும் என்றும் விதித்தது.

ஏட்டளவில் பார்த்தால் கல்லூரியின் கதவு திறந்துவிட்டது. ஆயினும் கதவைத் திறந்தவர்கள் வாயிற்படியின் உயரத்தைக் குறைக்கவில்லை. ஒதுக்கிய இடத்தில் சேரவும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். பார்வையற்ற மாணவர் பிரெயில் எழுத்தாலும், எழுதித்தரும் துணைவராலும் அப்பரீட்சையைக் கடக்க இயலும். அறிவுசார் குறைபாடு உடையோரில் மிகப் பலருக்கு அப்பரீட்சையே தடை. அவர்கள் பொருட்டு மாற்ற வேண்டியது எழுதும் கருவியை அன்று. கல்லூரிக்கு வருவது எதற்காக என்னும் நம் எண்ணத்தையே மாற்ற வேண்டும். அது மாறாதவரை இடம் காலியாகவே கிடக்கும், அல்லது வேறு குறைபாடு உடையோருக்குப் போகும். ஒதுக்கீடு நிறைவேறியதாகக் கணக்கும் எழுதப்படும்.

இதே சிக்கலைப் பிற நாடுகள் சந்தித்தன. கனடாவில் 1987-ஆம் ஆண்டு எட்மண்டன் நகரில், பெற்றோரின் முயற்சியால் ஆல்பர்ட்டா பல்கலைக் கழகத்தில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கிற்று. பள்ளி முடித்த இவ்விளைஞர்கள் நுழைவுத் தேர்வின்றிப் பல்கலைக் கழகத்துக்கு வந்தனர். தங்களுக்குப் பிடித்த வகுப்புகளில் மற்ற மாணவருடன் அமர்ந்தனர். பட்டம் அவர்கள் நோக்கமன்று. அதே பாடத்தில் தத்தமக்கு இயன்ற பகுதியைக் கற்றனர். விடுமுறையில் வேலைக்குச் சென்றனர். அயர்லாந்தில் 1592-இல் நிறுவப்பட்ட டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியும் இன்று இவர்களுக்கென இரண்டாண்டுப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாவிடினும், அங்கீகாரம் பெற்ற இத்தகைய படிப்பில் சேர்ந்தவர் அரசின் உதவித் தொகை பெறலாம் என்றது. அத்துடன், படிப்பின் காலத்தில் குறைந்தது பாதியேனும் மற்ற மாணவரோடு சேர்ந்து கழிய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இன்று அந்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இத்தகைய படிப்புகள் நடைபெறுகின்றன.

அந்த இரண்டாம் நிபந்தனை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கல்லூரி வளாகத்தின் மூலையில் ஒரு தனிக் கட்டடம் கட்டி, அதில் இவர்களை அமர்த்தி மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்யக் கற்பித்தால், இடம் மாறிய சிறப்புப் பள்ளியாகவே அது முடியும். அச்சட்டம் விரும்பியது வேறு. காலையில் பேருந்து ஏறி வருதல், எந்த அறைக்குப் போவதென்று தானே தேடுதல், உணவு விடுதியில் காசு கொடுத்துச் சில்லறை எண்ணி வாங்குதல், நூல் நிலையத்தில் அமைதியாக அமர்தல், உடன் படிக்கும் மாணவன் ஒருவனைத் தோழனாகப் பெறுதல், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுதல் — இவையே அங்குப் பாடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் எழுதப்படுகிறது. அதை எழுதும்போது அந்த இளைஞரிடமே முதலில் கேட்கிறார்கள். உடன் படிக்கும் மாணவர்களுள் சிலர் துணைவராக நியமிக்கப்படுகிறார்கள். முடிவில் பட்டம் இல்லை. சான்றிதழும், பெரும்பாலும் ஒரு வேலையின் தொடக்கமும் உண்டு.

படிக்க வருவோருக்கே இடம் போதாதபோது இவர்களுக்கு ஏன் கல்லூரி என்று சிலர் வினவக்கூடும். இவர்கள் மற்றவரது பட்டப் படிப்பு இடத்தைக் கேட்கவில்லை. வகுப்பறையில் மேலும் ஒரு நாற்காலியையும், மூன்று ஆண்டுக் காலத்தையும் கேட்கிறார்கள். மற்ற இளைஞர்கள் கல்லூரியில் பெறுவது பாடம் மட்டும்தானா? வீட்டைவிட்டு வெளியே வந்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு, வளர்ந்த மனிதராக ஆகும் காலமும் அதுவே. அக்காலம் எவருக்கு மிகுதியாக வேண்டுமோ, அவருக்கே நாம் அதை மறுக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை நாலு இடத்துக்குப் போய்த் தானே கற்றுக்கொள்வான். இவர்களுக்கோ, கற்றது நிலைக்க அதே செயலைப் பல நாள், பல இடங்களில் செய்து பார்க்க வேண்டும். பதினெட்டு வயதில் வீட்டில் அமர்த்திவிட்டால், பள்ளியில் பத்து ஆண்டு பாடுபட்டுக் கற்றதும் சிறிது சிறிதாக நழுவிப் போகும்.

திருப்பதியில் இது கூடுமா? கூடுவதற்குரிய பொருள்கள் பல அங்கு ஏற்கனவே உள்ளன. செவித்திறன் குன்றியோருக்குப் பள்ளியும், உடற்குறை உடையோருக்குப் பயிற்சி நிலையமும் தேவஸ்தானத்தால் நடத்தப்படுகின்றன. ஆகவே இத்தகைய பணி அந்நகருக்குப் புதிதன்று. துணைவராக நியமிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலைகளுக்கும் குறைவில்லை: மாலை கட்டும் இடங்கள், உணவு விடுதிகள், தங்குமிடங்கள், மருத்துவமனைகள், நூல் நிலையங்கள், தோட்டங்கள். யாத்திரிகர் கூட்டத்தால் வாழும் நகரில், ஒழுங்காகவும் பொறுமையாகவும் ஒரே வேலையைச் செய்யும் கைகளுக்கு என்றும் தேவை உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு படித்தவருக்குச் சான்றிதழும் ஈராண்டு படித்தவருக்குப் பட்டயமும் தரலாம் என்கிறது. அச்சட்டகத்துக்குள் இவர்களுக்கெனப் படிப்பு ஒன்றை வகுக்க ஒரு பல்கலைக் கழகம் மனம் வைத்தால் போதும். ஆந்திரத்தில் 1982-ஆம் ஆண்டே இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது என்பதை நினைவுகூர்வோம். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கும் உயர்கல்வி உண்டு என்ற எண்ணம் அம்மண்ணுக்கு அந்நியமானதன்று.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கருதவேண்டியன சில உள. முதலாவது மொழி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையின் அறிவுத் திறனைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ இந்தியிலோ அளந்தால், உள்ள திறனும் குறைந்தே தோன்றும். ஆதலால் சோதனை நடக்கும்போது பிள்ளையின் வீட்டு மொழி இன்னதென்று கூறி, அம்மொழி அறிந்தவர் உடனிருக்கவேண்டும் என்று கேட்பது பெற்றோரின் கடமை. ‘ஒரு மொழியே இவனுக்குச் சுமை, தமிழை விட்டுவிடுங்கள்’ என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. இதற்கு ஆதாரமில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் டவுன் நோய்க்குறிக் குழந்தைகளைக் கனடா நாட்டில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, இரு மொழி கற்றதனால் அவர்களுடைய ஆங்கில வளர்ச்சி குன்றவில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சட்ட நிலை. 18 வயது நிரம்பியதும் இவ்விளைஞரும் சட்டத்தின் கண்ணில் வயது வந்தவரே. பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. காப்பாளர் தேவையெனில், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்துகொள்ள வேண்டும். அக்குழுவில் மாவட்ட ஆட்சியர் இருப்பார். மூன்றாவது, தனித்துவ அடையாள அட்டை. மாநிலம் மாறும்போது பழைய சான்றிதழ் செல்லாதோ என்ற அச்சம் நம்மவரிடம் உண்டு. இந்த அட்டை நாடெங்கும் செல்லும். நான்காவது கல்வித் தொடர்ச்சி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான அடிப்படைக் கல்வியை நடத்துகிறது. பாடங்களை ஒவ்வொன்றாக, தன் வேகத்தில் முடிக்கும் வசதி அந்நிறுவனத்தில் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதிலேயே இதனைத் தொடங்குவது நலம்.

ஐந்தாவதாக ஒன்று சொல்வோம், இதுவே தலையாயது. அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று முதல்வரைக் கண்டு கேளுங்கள். 5 சதவீத இடங்களில் அறிவுசார் குறைபாடு உடையோர் எத்தனை பேர் சேர்ந்திருக்கின்றனர் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்ற விடை வந்தால், சான்றிதழ்ப் படிப்பு ஒன்று வகுக்க இயலுமா என்று அடுத்துக் கேளுங்கள். தனியே செல்வதினும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்வது நன்று. தமிழ்ச் சங்கம் இருக்கும் ஊர்களில் சங்கமே முன்னின்று அழைத்துச் செல்லலாம். பம்பாயில் ஒரு தாயின் முயற்சியால் பள்ளி தோன்றியது. எட்மண்டனில் சில பெற்றோரின் முயற்சியால் பல்கலைக் கழகத்தின் வாயில் திறந்தது. அரசும் சட்டமும் பின்னரே வந்தன. நம் நாட்டிலோ சட்டம் முன்னதாகவே வந்து காத்திருக்கிறது. இனி வரவேண்டியவர்கள் மாணாக்கர்களும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வரும் நாமும்தான்.